கடைக்கு இரண்டு மரம்: கம்பம் பள்ளத்தாக்கு வணிகர்களுக்கான வழிமுறைகள்

கடை திறப்பு விழாவிலும் திருமணத்திலும் மரக்கன்று கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கன்று எளிதாகக் கிடைக்கிறது. முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இருப்பதில்லை. முல்லைப் பெரியாற்றுப் பாசனம் வயலுக்கு வரும், சாலையோரக் கன்றுக்கு வராது. நாள் முழுவதும் திறந்திருக்கும் டீக்கடை, பழக்கடை, உரக்கடை, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் இந்தக் குறையைப் போக்கலாம். கடைக்கு இரண்டு மரம் போதும்.

இடமும் மரமும்

நெடுஞ்சாலைத் துறை அல்லது உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் அனுமதி பெறுங்கள். சாலை விரிவாக்கம் வரும் இடத்தைத் தவிர்க்கவும். திறந்த இடங்களில் வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், நாவல் நடலாம். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, நந்தியாவட்டை போன்ற குட்டையானவை போதும். ஆற்றங்கரைக்கு நீர்மருது ஏற்றது. கோனோகார்பஸ் வேண்டாம்.

நடவு

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபரில் நடுங்கள். 2 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு உரமும் 250 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பவும். சாலையோரத்துக்கு 4 முதல் 6 அடி உயரக் கன்றே ஏற்றது. பாலித்தீன் பையைக் கிழித்து அகற்றிய பிறகே நட வேண்டும். மரத்துக்கு மரம் 15 அடி இடைவெளி விடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியே வீசும் காற்று இளங்கன்றைச் சாய்த்துவிடும். உறுதியான குச்சி ஊன்றி, சணல் கயிற்றால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டவும்.

தண்ணீர்க் கணக்கு

பிப்ரவரி முதல் மே வரை, ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 10 லிட்டர் ஊற்றவும். வாரத்துக்கு ஒரு 20 லிட்டர் கேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு, எண்ணெய் கலக்காத கழுவிய நீரையும் பயன்படுத்தலாம். தூரைச் சுற்றித் தேங்காய் மட்டை அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு பரப்பினால் ஈரம் காக்கும். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள்.

ஊரின் பங்கு

திருப்பூரில் தொழில்துறையினரும் தன்னார்வலர்களும் 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தில், தண்ணீரும் பாதுகாப்பும் உள்ள நிலங்களில் கன்று நடுகிறார்கள். இந்த வரிசையை நாமும் பின்பற்றலாம்: முதலில் தண்ணீருக்குப் பொறுப்பாளர், பிறகு கன்று.

• வணிகர் சங்க வசூலில் பாதியைக் கூண்டுக்கும் கோடைத் தண்ணீருக்கும் ஒதுக்குங்கள்.
• கடைப் பெயர்ப் பலகையைக் கூண்டில் மாட்டுங்கள். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.
• கடை விடுமுறை நாட்களில் தண்ணீர் ஊற்ற, அந்தத் தெருவில் ஒரு வீட்டை முன்பே கேட்டு வையுங்கள்.
• மே கடைசியில் பள்ளி மாணவர்களைக் கொண்டு உயிருடன் உள்ள கன்றுகளை எண்ணுங்கள். பட்டுப்போன இடங்களில் அக்டோபரில் மறுநடவு செய்யுங்கள்.

நிலம் உள்ள வணிகர்கள், நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் இலவசக் கன்றுகள் கிடைக்குமா என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். மண், மர வகை குறித்த சந்தேகங்களுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையோ காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்தையோ அணுகவும்.

இருபது கடைகள் சேர்ந்தால் நாற்பது மரம். இரண்டு கோடை தாண்டிவிட்டால் பெரும்பாலான மரங்கள் தாமாகவே நிற்கும். வாடிக்கையாளர் வண்டியை நிழலில் நிறுத்துவார்.