ஆயில் இல்லாத பிரேக் ஆயில்

நம்ம ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 'பிரேக் ஃபுளூயிட்' என்று கேட்கிறவர்கள் குறைவு. 'பிரேக் ஆயில் ஒரு டப்பா' என்றுதான் கேட்போம். இன்றைக்கு வண்டிகளில் சாதாரணமாக ஊற்றும் அந்தத் திரவத்தில் எண்ணெயே கிடையாது. ஆனாலும் அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் அதில் நிஜமாகவே எண்ணெய் இருந்தது. அதுவும் நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தம் பண்ணக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்!

நண்பர் ஒருவர் பழைய ராஜ்தூத் 350-ஐப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார். 1973-இல் யமஹா கொண்டுவந்த ஆர்டி350-இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் உண்டு. 1983-இல் எஸ்கார்ட்ஸ் அதை இந்தியாவில் விட்டபோது டிஸ்க்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். நண்பர் ஜப்பான் மாடலின் டிஸ்க்கைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டார். "டாட் 4 ஊத்தறதா, டாட் 5 ஊத்தறதா?" என்பது அவர் கேள்வி. 5 என்றால் 4-ஐவிட உசத்தி என்றுதானே யாருக்கும் தோன்றும்? அங்கேதான் சிக்கல். இதற்குப் பதில் சொல்ல ஒரு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் 1917-இல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். விமானக் கம்பெனி லாக்ஹீட் இருக்கிறதே, அதை ஆரம்பித்த ஆலனின் அண்ணன் இவர். 1921-இல் டூசன்பெர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. 1924-இல் கிரைஸ்லர் அதை எடுத்துக்கொண்டபோது செய்த முக்கியமான திருத்தம், ஒழுகிக்கொண்டிருந்த தோல் சீல்களைத் தூக்கிவிட்டு ரப்பர் கப் போட்டது.

பிரேக் திரவத்தின் கதையில் பெரிய திருப்பம் இந்த ரப்பர்தான். அன்றைக்கு இருந்தது மரத்துப் பாலில் இருந்து வந்த இயற்கை ரப்பர். அதில் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்து, கொழகொழவென்று ஆகிவிடும். விளக்கெண்ணெய் அப்படிச் செய்யாது. உராய்வைக் குறைக்கும், ஆல்கஹாலிலும் நன்றாகக் கரையும். அதனால் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவை பல வருஷம் பிரேக் குழாய்களுக்குள் ஓடியது. ஒரே குறை, சாதாரண ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

கொதித்தால் என்ன? திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். லீவரைப் பிடித்தால் கை கொடுக்கிற அழுத்தம் காலிப்பருக்குப் போகாமல் ஆவிக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். லீவர் ஹேண்டில்பார் வரை வரும், வண்டி நிற்காது. வால்பாறையில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு இறங்குகிறவருக்கு இது பாடப்புத்தக விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

அதனால்தான் அடுத்த தலைமுறைத் திரவம் கிளைக்கால் ஈதர் என்ற வேதிப்பொருளுக்கு மாறியது. எண்ணெய் போனது, பெயரில் மட்டும் 'ஆயில்' தங்கிவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப் பெயரான 'டாட்' என்பதோடு எண் சேர்த்துத் தரம் பிரித்தார்கள். புதுத் திரவம் குறைந்தபட்சம் எத்தனை டிகிரியில் கொதிக்கலாம் என்றால் டாட் 3-க்கு 205, டாட் 4-க்கு 230, டாட் 5-க்கு 260. கிளைக்கால் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதே எண்கள் 140, 155, 180 என்று இறங்கிவிடும். சென்னை மாதிரி ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது டப்பா விற்பதற்காக அல்ல.

மேலே டாட் 5 உசத்தியாகத் தெரிகிறதா? அது வேறு சாதி. டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் குடும்பம். 5 மட்டும் சிலிகோன், ஊதா நிறம். சிலிகோன் ஈரத்தை உறிஞ்சாது, பெயின்ட்டையும் கெடுக்காது. டேங்க்கில் ஆசையாக பெயின்ட் அடித்தவர்களுக்கு இதன்மேல் ஒரு கண். ஆனால் ஈரத்தை உறிஞ்சாது என்றால் தண்ணீர் உள்ளே வராது என்று அர்த்தம் இல்லை. வந்த தண்ணீர் கலக்காமல், சிலிகோனைவிடக் கனம் என்பதால் கீழே காலிப்பரில் போய் உட்காரும். அங்கேதான் சூடு அதிகம். துரு பிடிக்கும், 100 டிகிரியைத் தொட்டால் கொதிக்கும். தவிர, சிலிகோன் காற்றைக் குமிழிகளாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு 'ஏர் எடுத்தாலும்' லீவர் கொஞ்சம் பஞ்சு மாதிரியே இருக்கும். ஹார்லி டேவிட்சன் பல வருஷம் டாட் 5 ஊற்றிவிட்டு, 2000-களின் நடுவில் டாட் 4-க்கு மாறிவிட்டது.

சரி, அப்போ எதை ஊத்தறது?

நான் சொல்வது இதுதான்: வண்டியின் வயதைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பரின் வயதைப் பாருங்கள். வண்டி 40 வருஷப் பழசாக இருக்கலாம், மாஸ்டர் சிலிண்டர் கிட் போன மாதம் வாங்கியதாக இருக்கும். இன்றைய கிட்களில் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். கிளைக்கால் அதற்குப் பிரச்சினை இல்லை, மினரல் ஆயில் பட்டால் போச்சு. சிட்ரோயன் டிஎஸ் காரில் 1960-களில் பச்சை நிற மினரல் ஆயிலுக்கு மாறியபோது, சீல்களையும் சேர்த்தே மாற்றினார்கள். திரவமும் ரப்பரும் ஒரு ஜோடி. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

ஆக, ஓட்டுவதற்காகக் கட்டுகிற வண்டி என்றால்: மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் இரண்டிலும் எல்லா சீலும் புதுசு, ஹோஸும் புதுசு, டாட் 4. சீல் பிரிக்காத சின்ன டப்பாவாக வாங்குங்கள். திறந்து மிச்சம் வைத்ததை ஆறு மாதம் கழித்து ஊற்றாதீர்கள். டேங்க்கில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிளைக்கால் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். ஷெட்டில் காட்சிக்கு நிற்கிற வண்டி என்றால் டாட் 5 யோசிக்கலாம். அதுவும் சிஸ்டம் முழுக்கப் பிரித்துக் காயவைத்து, புது சீல் போட்ட பிறகுதான். பழைய கிளைக்கால் மிச்சத்தின்மேல் சிலிகோனை ஊற்றினால் இரண்டும் சேராது.

மாஸ்டர் சிலிண்டர் மூடியில் பெரும்பாலும் என்ன தரம் என்று அச்சடித்திருக்கும். மூடியும் வேறு வண்டியில் இருந்து வந்ததாக இருந்தால் அதை நம்பாதீர்கள், சீல் கிட்டின் கவரைப் படியுங்கள். கவரில் எதுவும் எழுதாத கிட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.