குறுக்கீட்டுச் சிறு ஆர்.என்.ஏ.
மரபணுவை அழிக்காமலே அதன் செயலை அடக்கவல்ல, சுமார் 21 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஈரிழை மூலக்கூறு. மனித உயிரணுவில் இது பலித்ததற்குக் குட்டையான நீளமே காரணம். 1998இல் ஆய்வாளர்கள் ஃபயரும் மெல்லோவும் மரபணுவை அடக்கப் புழுக்களில் நீண்ட ஈரிழைகளைப் பயன்படுத்தினர். பாலூட்டி உயிரணுவிலோ 30 இணைகளைத் தாண்டிய ஈரிழை, வைரஸ் நுழைந்ததுபோல் இன்டர்ஃபெரான் எதிர்வினையைக் கிளப்பிவிடும். 2001இல் ஆய்வாளர் டுஷ்லின் குழு சிற்றிழைகளைச் செலுத்தி இத்தடையைக் கடந்தது. ஈரிழையில் ஓரிழை ‘ரிஸ்க்’ எனும் புரதத் தொகுதியில் அமர, அதனோடு இணைசேரும் தூது ஆர்.என்.ஏ. வெட்டுப்படுகிறது.

இழையின் 2 முதல் 8 வரையான இடங்கள் பொருந்தினாலே வேறு மரபணுக்களும் அடங்கக்கூடும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அவ்விடத்தில் வேதி மாற்றம் செய்தும், மருந்தளவைக் குறைத்தும் அதைப் பெரிதும் தணிக்கலாம். பெரிய முட்டுக்கட்டை, உரிய உறுப்புக்குக் கொண்டு சேர்ப்பதுதான்: 2018இல் அமெரிக்கா அனுமதித்த இவ்வகையின் முதல் மருந்தான பாட்டிசிரான், கொழுப்பு நுண்துகளில் ஏறிப் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகிறது.