சேணமும் தீட்டும்

சென்னைக் கோட்டையினின்று பூவிருந்தவல்லி, திருப்பெரும்புதூர் வழியாக ஆர்க்காடு, வேலூர், பெங்களூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையை நம்மவர் அனைவரும் அறிவர். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் எழுந்துள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கு நம் இளைஞர் பலர் நாள்தோறும் இச்சாலை வழியே சென்று மீள்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது பட்டாளங்கள் நடந்த சாலை. குதிரைமேல் சென்ற தளபதியின் பெயரை வரலாற்று நூல்கள் தவறாமற் கூறும். அக்குதிரையின் வாரையும் கடிவாளத்தையும் தைத்துக் கொடுத்தவர் யார் என்று கூறமாட்டா. அவர்களைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விழைகின்றோம்.

கும்பினியாரிடம் தொடக்கத்தில் போதிய குதிரைப்படை இல்லை. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்து முறியடித்தபோது அக்குறை வெட்டவெளிச்சமாயிற்று. பின்னர் ஆர்க்காட்டு நவாபின் குதிரைப் பட்டாளங்களைத் தம்வசமாக்கிக் கொண்டு சென்னைக் குதிரைப்படையை வளர்த்தனர். ஆர்க்காடு அதன் பாசறைகளுள் ஒன்றாயிற்று. 1824இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரைப் பண்ணை ஏற்பட்டது. பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவினின்று 'வேலர்' எனப்பட்ட குதிரைகளும் கப்பலேறி வந்தன.

குதிரை வந்தால் தோல் வேண்டும். சேணம், அங்கவடி வார், வயிற்றுப் பட்டை, கடிவாள வார், வாளுறை, தோட்டாப்பை என ஒரு வீரனுக்கும் அவன் குதிரைக்கும் வேண்டிய தோற்பொருள்கள் பல. உயர்ந்த சேணங்கள் பல இங்கிலாந்திலிருந்து வந்தன என்பது உண்மையே. ஆனால் வெயிலில் வெடித்தும் மழையில் பூஞ்சை பிடித்தும் போகும் தோலைப் பழுது பார்க்கவும், அறுந்த வாரை அன்றே தைத்துத் தரவும் இங்குள்ள கைகளே வேண்டியிருந்தன.

அவை அறிவற்ற கைகள் அல்ல. பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்தி, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெயிட்டு எடுப்பது தென்னாட்டு முறை. பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்து அதனை அழுகாமற் காக்கிறது. எந்த நாளில் தொட்டியை மாற்றுவது, எவ்வளவு துவர்ப்பு ஏறியது என்பதனைக் கைத்தொடுகையாலும் வெட்டுவாயின் நிறத்தாலும் அறிந்தனர். இஃது இரசாயனம் அன்றோ?

சேணத் தையலும் அத்தகையதே. ஒரே மெழுகு நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோத்து, குத்தூசி இட்ட ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் செலுத்தித் தைப்பர். நடுவே ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றவை பிரியா. படைக்குதிரை சுமந்தது வீரனும் தளவாடமும் சேர்ந்து ஏறத்தாழ 115 முதல் 125 கிலோ. அப்பாரம் முதுகெலும்பின்மேல் அழுத்தாமல் அதன் இருமருங்கும் பரவவேண்டும். திண்டு ஓரிடத்தில் புடைத்திருந்தால் குதிரைக்கு முதுகுப்புண். புண்பட்ட குதிரைக்காரன் காலாளே. படைக் கால்நடை மருத்துவர் பிரெடரிக் ஸ்மித் 1891இல் சேணத்தையும் முதுகுப்புண்ணையும் பற்றித் தனி நூலே எழுதினார் என்றால் அதன் இன்றியமையாமையை உணரலாம்.

இனி வேலூருக்கு வருவோம். 1806இல் சிப்பாய்கள் புதுவகைத் தலைப்பாகை அணியவேண்டுமென்றும், சாதிக்குறி, காதணி, தாடி ஆகியவற்றை விலக்கவேண்டுமென்றும் ஆணை பிறந்தது. அத்தலைப்பாகையில் தோலாலான குஞ்சம் ஒன்று இருந்தது. சமயத்தைக் கெடுக்கும் சூழ்ச்சி இதுவெனக் கொதித்த சிப்பாய்கள் ஜூலை 10ஆம் நாள் கிளர்ந்தெழுந்தனர். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றே அதனைக் குருதியில் அடக்கினான். அச்சிப்பாய்களின் வீரத்தைக் குறைத்துரைப்பது நம் கருத்தன்று. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் மார்பில் குறுக்கிட்ட வாரும் இடையில் தொங்கிய தோட்டாப்பையும் தோல்தானே? தோளில் கிடந்த தோல் பொறுக்கப்பட்டது; தலைக்கு ஏறிய தோலே தீட்டாயிற்று. அவ்வாரைச் செய்து கொடுத்தவனோ தோளிலும் தலையிலும் மட்டுமன்றித் தெருவிலும் கிணற்றடியிலும் தீட்டாகவே வைக்கப்பட்டான்.

வடக்கே 1860களில் கான்பூரில் அரசே சேணத் தொழிற்சாலை நடத்தத் தொடங்கியது. அங்கும் உழைத்தோர் பெரும்பாலும் தீண்டாதார் எனப்பட்ட சமார் மக்களே. சென்னையிலோ ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் இலண்டன் சந்தைக்குப் பெரும் சரக்காகச் சென்றது. முதல் உலகப்போரில் பட்டாளத்துப் பூட்சுகளின் மேற்பகுதிக்கு இத்தோலே வேண்டியிருந்தமையால், 1916இல் அரசு அதன் ஏற்றுமதியைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. முதலும் வாணிகமும் பிறரிடம். சுண்ணாம்புத் தொட்டியும் அதன் நாற்றமும் நம்மிடம்.

1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோம் முறையைச் சோதித்தபோது, வாரக்கணக்கான வேலை நாள்கணக்காகக் குறுகும் காலம் பிறந்தது. பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயராய் நிலைத்தது. 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. தோலைத் தொட்டதற்காகத் தள்ளிவைத்த நாட்டிலேயே, தோலைத் தொட்டு ஆராய்ந்தவர் அறிவியலறிஞர் எனப் போற்றப்பட்டனர். அந்த ஆய்வுக்கூடத்தினுள் நம் பிள்ளைகள் எத்தனைபேர் நுழைந்தனர் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

குதிரைப்படையோடு தோல் தைப்போர் மட்டும் செல்லவில்லை. குதிரைக்காரரும் புல்லறுப்போரும் உடன் நடந்தனர். குதிரைக்காரர் மனைவியரே புல்லறுத்துச் சுமந்ததும் உண்டு. இவர்களுக்குச் சிலையோ கல்வெட்டோ இல்லை. ஆதலின் நம் உறுப்பினர் இல்லங்களில் பழைய குத்தூசி, தோல் வெட்டும் உளி, பட்டாளத்துச் சான்றுச்சீட்டு ஏதேனும் பரண்மேற் கிடந்தால் பழைய இரும்புக்கடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். தொழிற்சொற்களை அறிந்த முதியோர் இருப்பின், இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் சென்று, அவர்தம் பாட்டனார் பெயரிலிருந்து கேட்டு எழுதத் தொடங்குவார்களாக.