துப்பாக்கியும் தண்டவாளமும்

மும்பைக்குப் பிழைக்க வந்த மகனுக்கு ஊரிலுள்ள தாய் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுண்டு: "துப்பாக்கி வெடிக்கிற ஊரப்பா, பார்த்து நடந்துகொள்." இவ்வச்சம் எங்கே பிறந்தது? இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்? வரலாற்றை நோக்குவோம், அன்பர்களே.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. 1991 நவம்பர் 16 அன்று லோகண்ட்வாலாவில் காவலரும் கும்பலாரும் சுட்டுக்கொண்டனர். 1992 செப்டம்பர் 12 அன்று ஜே.ஜே. மருத்துவமனைக்குள்ளேயே கொலை நடந்தது. 1982 ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்திய தத்தா சாமந்த், 1997 ஜனவரி 16 அன்று பாண்டுப்பை அடுத்த பவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாராவி வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைச் சாயலாகக் கொண்ட 'நாயகன்' 1987 இல் வெளிவந்து, இந்நகரின் உருவத்தைத் தமிழர் மனத்தில் அவ்வாறே பதித்துவிட்டது.

ஆனால் அக்குண்டுகள் பெரும்பாலும் ஆளைக் குறித்தே சென்றன. போட்டிக் கும்பலாரும், கப்பம் கேட்கப்பட்ட செல்வரும், தலைவருமே அவற்றின் இலக்கு. வழிப்போக்கரையும் விடாத கொடுமை 2008 நவம்பர் 26 இரவு நேர்ந்தது. நம் பாண்டுப் வண்டிகள் சென்றடையும் சத்ரபதி சிவாஜி முனையத்தில் அன்று 58 பேர் மாண்டனர்.

நாட்டுக்கு நாடு இவ்வபாயம் வேறுபடும். அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் துப்பாக்கியால் ஆண்டுக்கு 40,000 பேருக்கு மேல் மாள்கின்றனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்வோர். அங்குத் துப்பாக்கி வீட்டுப் பொருள். இங்கோ, ஆங்கிலேயர் தம் ஆட்சியின் காவலுக்கென 1878 இல் இயற்றிய ஆயுதச் சட்டமும், விடுதலைக்குப் பின் வந்த 1959 ஆம் ஆண்டுச் சட்டமும் சில விலக்குகள் நீங்கலாக, உரிமமின்றி அதை வைத்திருக்க இடந்தரவில்லை.

அங்ஙனமாயின் நாம் அஞ்சத் தக்கது எது? விடை பாண்டுப்பிலேயே உள்ளது. 1843 இல் இங்கு வந்த பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் கிளார்க்கின் உள்ளத்தில்தான் பம்பாயையும் தாணாவையும் இருப்புப்பாதையால் இணைக்கும் எண்ணம் முதலில் உதித்ததென்பர். 1853 ஏப்ரல் 16 அன்று அப்பாதையில் முதல் வண்டி ஓடிற்று. அதுவே நமக்குச் சோறளிக்கும் பாதை. உயிர் கொள்ளும் பாதையும் அதுவே. 2023 இல் மும்பைப் புறநகர் இருப்புப்பாதைகளில் மாண்டவர் 2,590 பேர். நாளொன்றுக்கு ஏழு பேர். அக்கொடிய இரவில் முனையத்தில் போன உயிர்கள் எத்தனையோ, ஏறக்குறைய அத்தனையும் எட்டே நாளில் தண்டவாளத்தில் போயின. அவற்றுக்குச் செய்தித்தாளில் ஒரு மூலையே கிடைத்தது.

கொலையைச் சிறிதென்று இங்குக் கூறவில்லை. அதைத் தடுப்பது அரசின் கடன். நெரிசலைக் குறைப்பதும், பாலமும் மதிலும் கட்டுவதும் அவ்வாறே. பத்தாண்டுகளுக்கு முன் ஆண்டுக்கு மூவாயிரத்தைத் தாண்டியிருந்த இச்சாவு குறைந்திருப்பது, இதுவும் தடுக்கக் கூடியதே என்பதைக் காட்டுகிறது. எனினும் ஒரு பகுதி நம் காலடியில் இருக்கிறது. குறுக்கே தண்டவாளத்தில் இறங்காமல் படியேறிப் பாலத்தைக் கடப்போம். வாயிலில் தொங்காமல் அடுத்த வண்டிக்குக் காத்திருப்போம். ஊரிலிருக்கும் தாய்க்கும் இனி இதையே சொல்லுவோம்: "துப்பாக்கிக்கு அஞ்சாதே அம்மா; தண்டவாளத்தைப் பார்த்துத்தான் நடக்கிறேன்."