கவுனியும் கடவுச்சீட்டும்

யானைக்கவுனியில் இன்று யானையும் இல்லை, கவுனியும் இல்லை. ஒரு காவல் நிலையமும் ஒரு பாலமும் ஒரு தெருவும் அப்பெயரைச் சுமந்து நிற்கின்றன. 'கவுனி' தெலுங்கின் வழியே சென்னைக்கு வந்த சொல். மதில் சூழ்ந்த ஊரின் வாயிலைக் குறிப்பது. வாயில் என்றால் மதில் இருந்திருக்க வேண்டும். மதில் இருந்தால், யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்கும் ஒருவனும் இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்குச் சுற்றுலா செல்வதற்காக வங்கிக் கணக்கு விவரம், திரும்பிவரும் பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு என்று தாள்களை அடுக்கிக்கொண்டு தூதரக வாசலில் காத்திருக்கும் நமக்கு, அந்தக் கவுனியின் கதை அத்தனை பழையதாகத் தோன்றாது.

மதிலின் கதை

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றினார்கள். 1749இல் அது ஆங்கிலேயருக்கு மீண்டது. அதற்குள் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் பெரும்பாலும் இடிக்கப்பட்டிருந்தது. எஞ்சியதை ஆங்கிலேயர்களே தரைமட்டமாக்கினார்கள். கோட்டைக்கு எதிரே பீரங்கிச் சூட்டுக்கு மறைப்பில்லாத வெளி தேவைப்பட்டது. மக்கள் வடக்கே தள்ளி இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் குடியேறினர். 1758-59இல் லாலியின் முற்றுகை, 1760களின் இறுதியில் ஹைதர் அலியின் குதிரைப்படை என்று அடுத்தடுத்து வந்த அச்சங்களுக்குப் பிறகுதான் இந்தப் புதிய ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பப்பட்டது. ஒப்பந்தக்காரர், பின்னாளில் ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துப் பெயர்(கெட்ட பெயரும்) பெற்ற பால் பென்ஃபீல்டு. கிழக்கே கடலும் தெற்கே கோட்டையும் இருந்ததால் அங்கே மதில் தேவைப்படவில்லை.

வடக்கு மதிலில் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் செல்லும் வழிகளில் வாயில்கள் இருந்தன. மேற்கு மதிலில் இருந்தவற்றுள் ஒன்றுதான் யானைக்கவுனி. மதில் கட்டிய செலவை ஊர்மக்களிடமே வரியாகத் தண்ட முயன்றார்கள். எதிர்ப்பு எழுந்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை என்பர். வசூலாகாத அந்த வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையாக நிலைத்துவிட்டது. மதிலின் ஒரு துண்டைப் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவில் இன்றும் காணலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத்தில் சென்னைக்குள் நுழைய முறையான உரிமம் பெற வேண்டியிருந்தவர்கள் ஆங்கிலேயர்களே. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியின்றி எந்த பிரிட்டிஷ் குடிமகனும் இங்கு வந்து வாணிகம் செய்ய முடியாது. மீறி வந்தவர்களுக்கு 'அத்துமீறிகள்' என்று பெயர். அப்படி அத்துமீறி வணிகம் செய்த தாமஸ் பிட் என்பவர் 1698இல் சென்னைக்கே ஆளுநரானார். 1793இல் உரிமமின்றி வங்காளத்தில் வந்திறங்கிய வில்லியம் கேரி, பின்னர் டேனியர் ஆட்சியிலிருந்த சிராம்பூரில் புகலிடம் தேடினார். 1813இன் பட்டயச் சட்டம் இக்கெடுபிடியைத் தளர்த்தியது. 1833இன் சட்டம் ஏறக்குறைய நீக்கியது. கதவு யாருக்குத் திறக்கும் என்பதைக் கதவின் சாவியை வைத்திருப்பவரின் ஆதாயமே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

கைகளுக்குக் கதவு, ஆளுக்கு மதில்

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அதில் இருந்தார்கள். நவம்பர் 16 அன்று அது டர்பனை அடைந்தது. அவர்களிடம் எவரும் கடவுச்சீட்டு கேட்கவில்லை. கைகள் தேவைப்பட்டன, கைகள் வந்தன.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கிக் கடை வைக்கவும் நிலம் வாங்கவும் தொடங்கியபோது, தம் சொந்தச் செலவில் வணிகர்களும் வந்து இறங்கியபோது நிலைமை மாறியது. 1897இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் இயற்றியது. இந்தியர் என்ற சொல்லே அதில் இல்லை. நுழைய விரும்புபவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்றது, அவ்வளவுதான். தமிழில் கணக்கும் கடிதமும் எழுதும் வணிகர் அச்சட்டத்தின் பார்வையில் எழுத்தறிவற்றவர். அதே ஆண்டு ஜனவரியில்தான், வாரக்கணக்கில் கப்பலிலேயே நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னர் டர்பனில் கால்வைத்த காந்தி, கும்பலால் தாக்கப்பட்டார். நேட்டாலின் உத்தியை ஆஸ்திரேலியா 1901இல் தன் 'எழுத்துத் தேர்வு' மூலம் பின்பற்றியது.

கனடா வேறொரு வழி கண்டது. பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் ஒரே பயணமாக வந்தவர்களுக்கே அனுமதி என்று 1908இல் விதி செய்தது. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடிக் கப்பலே கிடையாது. கூடவே, ஆசியர்கள் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. 1914 மே மாதம் வான்கூவரை அடைந்த 'கோமகாட்டா மாரு' கப்பலின் 376 பயணிகளில் மிகச் சிலரே இறங்க முடிந்தது. இரண்டு மாதக் காத்திருப்புக்குப் பின் கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. இன்று சுற்றுலா விசாவுக்குக் கேட்கப்படும் 'போதிய பணம்', 'பயணத் திட்டம்' ஆகியவற்றின் மூதாதையரை இங்கே அடையாளம் காணலாம்.

இந்தியாவில் கடவுச்சீட்டு கட்டாயமானது முதல் உலகப் போரின்போதுதான். 1917இல் போர்க்கால விதியாக வந்தது; 1920இல் இந்தியாவுக்குள் நுழைவதற்கான கடவுச்சீட்டுச் சட்டமாக நிலைபெற்றது. போர் முடிந்தது. தற்காலிக ஏற்பாடு முடியவில்லை.

கடல் ஒரு தெருவாக இருந்த காலம்

ஆனாலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய சாமானியத் தமிழருக்கு ரங்கூனும் பினாங்கும் கொழும்பும் அந்நிய நாடுகளாக இருக்கவில்லை. 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே போவது உள்நாட்டுப் பயணம். மலேயா செல்லும் தொழிலாளர் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி ஏறினர். இலங்கை செல்வோர் மண்டபத்தில் சில நாள் நோய்த்தடுப்புக் காவலில் இருந்தபின் தலைமன்னாருக்குக் கடந்தனர். கேட்கப்பட்டது அம்மை குத்திய தழும்பு. ஊர் பேர் எழுதிய சீட்டு. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் தன் கீழ்த்தளங்களில் சுமார் 5,000 பேரை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. ஒரு சிற்றூரே மிதந்து சென்றது எனலாம்.

யானைக்கவுனிக்கு இதில் தனிப் பங்குண்டு. வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை அரங்கம் தமிழ் நாடக மேடையின் தாய்வீடுகளில் ஒன்று. அக்கால நாடகக் குழுக்களுக்கு இலங்கையும் பர்மாவும் மலேயாவும், மதுரையும் தஞ்சாவூரும் போல, சுற்றில் அடங்கிய ஊர்கள். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்தது 1920களின் இலங்கை மேடையில். அவர்கள் 'வெளிநாட்டுச் சுற்றுப்பயணம்' செய்ததாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

வகுப்பில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இவர்களுக்கெல்லாம் விசா யார் கொடுத்தது? மெடானுக்கும் பினாங்குக்கும் செட்டித்தெருவுக்கும் மதுரைக்கும் இடையே மனத்தளவில் எல்லையே இல்லாமல் உலவும் பாண்டியனை, எல்லைகளுக்குள் பிறந்த தலைமுறை வியப்போடு பார்க்கிறது. அந்நாவலின் ஏக்கத்தில் பாதி, மூடப்படவிருக்கும் ஒரு கடலைப் பற்றியது என்று நான் அவர்களுக்குச் சொல்வதுண்டு.

மூடிய ஆண்டுகள்

கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1938இல் மலேயாவுக்கும் அடுத்த ஆண்டு இலங்கைக்கும் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசே நிறுத்தியது. கூலிக் குறைப்பும், இலங்கை அரசு இந்தியத் தினக்கூலிகளை வேலைநீக்கம் செய்ததும் காரணங்கள். 1947இல் பர்மா தன் குடிவரவுச் சட்டத்தை இயற்றியது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1953 ஆகஸ்டு 1 முதல் மலேயாவில் நுழைய, தேவையான தொழில்திறனோ வேலை ஒப்பந்தமோ முன்பே குடியிருந்ததற்கான சான்றோ வேண்டியதாயிற்று.

இந்தத் தேதிகளைப் பள்ளிப் பாடநூல்கள் பொருட்படுத்துவதில்லை. ஆனால் திருச்சி, இராமநாதபுரம், தஞ்சை மாவட்டங்களின் எத்தனையோ குடும்பங்களை நடுவில் வெட்டிய தேதிகள் இவை. முதல் நாள்வரை அண்ணன் வீட்டுக்குப் போன தம்பி, மறுநாள் முதல் அந்நியன். தமிழுக்கு அக்காலம் கொடுத்த கொடை 'கள்ளத்தோணி' என்ற சொல். கடலைக் கடக்கும் கலத்தைக் குறித்த சொல், சில ஆண்டுகளில் கலத்தில் வந்த மனிதனையே குறிக்கலாயிற்று. பின்னர் தாளில்லாத எந்த மலையகத் தமிழனையும் ஏசும் சொல்லாயிற்று. பட்டினப்பாலை காட்டும் புகார்த் துறையில் புலி முத்திரை பொறிக்கப்பட்டது பண்டங்களின் மீது. இருபதாம் நூற்றாண்டு முத்திரையை மனிதர்மீது குத்தியது.

1964இல் இரண்டு நிகழ்ந்தன. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அதே ஆண்டு பர்மாவின் நெ வின் அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியது. 50, 100 கியாட் தாள்களைச் செல்லாததாக்கியது. தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் ஏறத்தாழ வெறுங்கையுடன் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். வடசென்னையில் வியாசர்பாடி முதல் எண்ணூர் வரை அவர்களது குடியிருப்புகள் எழுந்தன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரும், இரண்டாம் கடற்கரைச் சாலையில் அத்தோக் கடைகளும் அவர்கள் கொண்டுவந்த நினைவின் எச்சங்கள்.

இங்கேதான் சுற்றுலா விசாவின் கொடிய முகம் தெரிகிறது. 1962க்குப் பின் பர்மா வெளிநாட்டுப் பயணிகளுக்கு 24 மணி நேரமே அனுமதி தந்தது. 1970வாக்கில் அதை ஏழு நாளாக நீட்டியது. ரங்கூனில் பிறந்து, அங்கேயே பெற்றோரைப் புதைத்தோ எரித்தோவிட்டு, சென்னையில் முதுமை எய்திய ஒருவர் தன் பிறந்த தெருவைக் காண விரும்பினால் அந்தப் படிவத்தில் அவர் எழுதவேண்டிய பயண நோக்கம் 'சுற்றுலா'. கால வரம்பு ஏழு நாள். இணையவழி விசாவும் 28 நாள் தங்கலும் 2014இல் வந்தபோது அத்தலைமுறையில் பலர் எஞ்சியிருக்கவில்லை.

நம் கவுனி

மதில்கள் எல்லாம் அயலார் கட்டியவை என்று சொல்லி நாம் தப்பிக்க இயலாது. 1967 வரை கடவுச்சீட்டு வழங்குவதும் மறுப்பதும் இந்திய அரசின் விருப்பம். அவ்வாண்டு உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் வழக்கில் வெளிநாடு செல்வதும் தனிமனித உரிமையே என்று தீர்ப்பளித்த பிறகே கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. 1983இன் குடியகல்வுச் சட்டத்துக்குப் பின், படிப்புக் குறைந்தவர்களின் கடவுச்சீட்டில் 'குடியகல்வுச் சோதனை தேவை' என்னும் முத்திரை விழுந்தது. ஏமாற்று முகவர்களிடமிருந்து ஏழைகளைக் காப்பதே நோக்கம். அது பொய்யான நோக்கமும் அன்று. ஆனால் பத்தாம் வகுப்புத் தேறாத ஒரு தாய், மலேசியாவில் உள்ள மகளைப் பார்த்துவரப் போனாலும் அந்தச் சோதனையிலிருந்து தனி விலக்குப் பெற வேண்டியிருந்தது. வேலைக்கல்லாத பயணங்களுக்கு அத்தேவை 2007இல்தான் நீங்கியது. நேட்டாலின் எழுத்தறிவுச் சோதனையை நாம் வேறு காரணம் சொல்லி நம்மவர்மீதே நடத்தினோம்.

மண்டபம் முகாமையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இலங்கைக்குப் போகும் தமிழர் நோயுடையவரா என்று சோதிக்க எழுந்த அதே இடம், 1983க்குப் பின் இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழரைத் தங்கவைக்கும் அகதிகள் முகாமாயிற்று. கடலின் இரு திசைப் பயணத்துக்கும் ஒரே காத்திருப்புக் கூடம்.

அண்மையில் சில கதவுகள் சற்றுத் திறந்துள்ளன. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர் 30 நாள் வரை விசா இன்றி வந்துபோகலாம் என்று அறிவித்தது. மகிழ வேண்டிய செய்திகளே. ஆயினும் அறிவிப்பைக் கூர்ந்து படித்தால் திரும்பும் பயணச்சீட்டும் போதிய பணமும் வேண்டும் என்ற வரி அங்கேயும் இருக்கும். நுழைய விடும் வாக்கியத்துக்குள்ளேயே, போய்விட வேண்டும் என்னும் வாக்கியமும் அடங்கியிருக்கிறது. சஞ்சிக்கூலியாக மலேயாவின் காடுகளைத் திருத்தி ரப்பர் நட்டவனிடம் எவரும் திரும்பும் சீட்டைக் கேட்டதில்லை. அவன் பேரனிடம் கேட்கிறார்கள்.

ஒரு நாட்டின் நுழைவு விதிகளைப் படிப்பது அந்நாட்டின் அச்சங்களைப் படிப்பதாகும். ஹைதரின் குதிரைகளுக்கு அஞ்சி எழுந்த மதில், அவர் காலத்துக்குப் பின் பொருளிழந்து இடிந்துபோயிற்று. அதன் கற்கள் யார் யார் வீட்டு அடித்தளத்தில் கிடக்கின்றனவோ! யானைக்கவுனிப் பாலத்தை நாள்தோறும் கடக்கும் ஆயிரக்கணக்கானோரில் எவரையும் இன்று யாரும் நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், எத்தனை நாள் தங்குவாய் என்று கேட்பதில்லை. குஜராத்தியும் மார்வாடியும் தெலுங்கும் தமிழும் ஒரே நெரிசலில் இடித்துக்கொண்டு போகின்றன. ஊர் அதனால் அழிந்துவிடவில்லை.