கோயம்புத்தூரில் தொடங்கிய மின்கையெழுத்து

2006க்கு முன்னால் கோவையில் ஒரு கம்பெனி ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டுமென்றால், இயக்குநர் பேனாவால் கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டு கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். (ஆர்.ஓ.சி. என்றால்தான் ஆடிட்டர் அலுவலகங்களில் புரியும்!) இதைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வந்ததுதான் எம்.சி.ஏ. 21 திட்டம். உருவாக்கியது டி.சி.எஸ். முதல் சோதனைக்குத் தேர்வான ஊர் டெல்லியும் அல்ல, மும்பையும் அல்ல; நம்ம கோயம்புத்தூர். 2006 பிப்ரவரியில் இங்கே தொடங்கிய பிறகு, மார்ச்சில்தான் டெல்லிக்குப் போனது. செப்டம்பரில் மின்தாக்கல் கட்டாயமானது.

சரி, கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போடுவது எப்படி? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. சான்றிதழ் வழங்க உரிமம் பெற்ற முதல் நிறுவனம், 2002இல், சென்னையின் சேஃப்ஸ்கிரிப்ட்.

இந்தச் சான்றிதழ் என்ற யோசனையே ஒரு மாணவருடையது. 1978இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லோரன் கோன்ஃபெல்டர் இளங்கலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் அது வருகிறது. ஒருவரிடம் இரண்டு சாவிகள்: ஒன்று ரகசியம், மற்றது ஊருக்கே தெரிந்தது. 'இந்தப் பொதுச்சாவி இன்னாருடையது' என்று நம்பகமான மூன்றாமவர் கையெழுத்திட்டுக் கொடுப்பதுதான் சான்றிதழ். தாசில்தார் தரும் சான்றிதழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாவா அப்ளிகேஷன் சர்வரில் நடப்பதும் இதுதான். தன் சாவியையும் சான்றிதழையும் கீஸ்டோரில் வைத்திருக்கும். யாரை நம்பலாம் என்ற பட்டியல் டிரஸ்ட்ஸ்டோரில் இருக்கும். உள்ளே வருபவர் சான்றிதழை நீட்டினால், கொடுத்தது அந்தப் பட்டியலில் உள்ளவரா, காலாவதி ஆகிவிட்டதா, அதற்குரிய ரகசியச் சாவி உண்மையிலேயே வந்தவர் கையில் இருக்கிறதா என்று பார்க்கும். ரத்தானதா என்பதையும் பார்க்கச் சொல்லி அமைக்க வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஆனால் சாவியைப் பிடித்திருப்பது யாருடைய கை என்று சர்வருக்குத் தெரியாது. மில் முதலாளியின் யு.எஸ்.பி. டோக்கன், பின் நம்பர் எழுதிய சீட்டோடு ஆடிட்டர் அலுவலக டிராயரில் கிடப்பது சகஜம். அலுவலக உதவியாளர் க்ளிக் செய்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது முதலாளியின் கையெழுத்து. ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ்தாரரின் கடமை என்கிறது 42ஆம் பிரிவு. அது பிறர் கைக்குப் போய்விட்டால், சான்றிதழ் தந்த நிறுவனத்துக்குத் தாமதிக்காமல் சொல்ல வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. சொல்லும்வரை பொறுப்பு அவருடையதே.