சொந்த வீட்டுக்கு வரியே வேண்டாமா? ஃப்ளோரிடாவின் அரசியலமைப்புத் திருத்த முயற்சி... யாருக்கு லாபம், யாருக்குச் சுமை?

வீட்டுக் கடன் முழுசா அடைச்சாச்சு. பத்திரமும் கைக்கு வந்தாச்சு. ஆனாலும் வருஷம் தவறாம நவம்பர் மாதம் ஒரு பில் வந்து நிற்கும். தொடர்ந்து கட்டாமல் விட்டால் வீடே ஏலத்துக்குப் போகலாம். அப்போ இது சொந்த வீடா, இல்லை அரசாங்கத்துக்கு வாடகை கொடுக்கிற வீடா?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாண ஆளுநர் ரான் டிசாண்டிஸ் 2025-ல் எழுப்பிய வாதம் இதுதான். குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான சொத்து வரியை அரசியலமைப்பைத் திருத்தியே நீக்க வேண்டும் என்பது அவரது கோரிக்கை. அந்த ஆண்டு அக்டோபரில், மாகாணப் பிரதிநிதிகள் சபையிலும் இதற்கான பல வரைவுகள் தாக்கலாகின. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சிக்கல் எங்கே?

இப்போது வரி எப்படி வசூலாகிறது?

ஃப்ளோரிடாவில் வீடு, நிலத்தின் மதிப்பு மீது மாகாண அரசு நேரடியாக வரி போட முடியாது. அரசியலமைப்பே அதைத் தடுக்கிறது. கவுன்ட்டி, நகராட்சி, பள்ளி வாரியம் போன்ற உள்ளூர் அமைப்புகள்தான் வசூலிக்கின்றன. பள்ளிக்கூடம், போலீஸ், தீயணைப்பு, சாலை, நூலகம் எல்லாவற்றுக்கும் இந்தப் பணம் போகிறது.

வரி 'மில்' கணக்கில் போடப்படும். 1,000 டாலர் மதிப்புக்கு 1 டாலர் என்றால் அது 1 மில். கவுன்ட்டி, நகராட்சி, பள்ளி ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 10 மில்தான் உச்சவரம்பு.

பில் வந்ததும் நவம்பரிலேயே கட்டினால் 4 சதவீதம் தள்ளுபடி. மார்ச் 31 வரை அவகாசம். அதற்குப் பிறகும் கட்டாவிட்டால், அந்தப் பாக்கிக்கான 'டாக்ஸ் சர்டிஃபிகேட்' ஏலம் விடப்படும். அதை வாங்கியவர் பாக்கியைக் கட்டிவிட்டு, வீட்டுக்காரரிடமிருந்து வட்டியோடு வசூலிப்பார். 2 வருடம் ஆகியும் பணம் வரவில்லை என்றால், வீட்டையே ஏலம் விடச் சொல்லி அவர் விண்ணப்பிக்கலாம்.

ஏற்கெனவே சலுகை இல்லையா?

இருக்கு. ஜனவரி 1 அன்று ஒருவர் நிரந்தரமாகக் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு 'ஹோம்ஸ்டெட்' விலக்கு உண்டு. 1934-ல், பொருளாதாரப் பெருமந்த காலத்தில், 5,000 டாலர் விலக்காகத் தொடங்கியது இது. இப்போது முதல் 25,000 டாலர் மதிப்புக்கு எந்த வரியும் இல்லை. அதற்கு மேல் இன்னொரு 25,000 டாலர் விலக்கு உண்டு. ஆனால் அது பள்ளி வரிக்குப் பொருந்தாது. 2024-ல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, இந்த இரண்டாவது தொகை மட்டும் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது.

இது தவிர, 1992-ல் மக்கள் ஏற்றுக்கொண்ட 'சேவ் அவர் ஹோம்ஸ்' திருத்தமும் உண்டு. இதன்படி, குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 3 சதவீதம் அல்லது பணவீக்க விகிதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் உயரக்கூடாது. வீடு கைமாறினால் மதிப்பு மீண்டும் சந்தை விலைக்குப் போய்விடும். அதனால்தான் ஒரே தெருவில், ஒரே மாதிரி வீட்டுக்கு, பழைய ஆள் கொஞ்சமாகவும் புதிதாக வாங்கியவர் பல மடங்கும் கட்டுகிறார்கள்.

புதிய திட்டம் என்ன சொல்கிறது?

வரைவுகள் ஒரே மாதிரி இல்லை. ஒன்று, பள்ளி வரியைத் தவிர மற்ற வரிகளை ஒரேயடியாக நீக்கச் சொல்கிறது. இன்னொன்று 10 வருடத்தில் படிப்படியாக நீக்கச் சொல்கிறது. மற்றொன்று 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்.

உதாரணத்துக்கு, வரி மதிப்பு 3 லட்சம் டாலர் உள்ள வீடு என்று வெச்சுக்கலாம். பள்ளி வரி 6 மில், மற்றவை சேர்த்து 10 மில். பணவீக்க உயர்வை விட்டுவிட்டுப் பார்த்தால், பள்ளி வரி 1,650 டாலர், மற்றவை 2,500 டாலர். மொத்தம் 4,150. முதல் வரைவு சட்டமானால் 2,500 மிச்சம். பள்ளி வரியான 1,650 டாலரைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

சாதாரண சட்டம் போதாதா?

போதாது. விலக்கு விதிகள் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளன. திருத்தத்தை மக்கள் முன் வைக்க, மாகாணத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு தேவை. அதாவது பிரதிநிதிகள் சபையில் 120-ல் 72, செனட்டில் 40-ல் 24. பிறகு வாக்கெடுப்பில் 60 சதவீதம் பேர் 'சரி' சொல்ல வேண்டும். வாக்கெடுப்பில் 59 சதவீதம் கிடைத்தாலும் தோல்விதான்.

அப்போ உள்ளூர்ச் செலவை யார் பார்ப்பது?

விவாதத்தின் மையமே இதுதான். வீட்டு வரி போனாலும் குப்பை வண்டி ஓடணும், தீயணைப்பு நிலையம் இயங்கணும். ஃப்ளோரிடாவில் தனிநபர் வருமான வரி கிடையாது. அரசியலமைப்பே அதற்கு அனுமதிப்பதில்லை. ஆக மிஞ்சுவது மூன்று வழி.

ஒன்று, விற்பனை வரியைக் கூட்டலாம். மாகாண விகிதம் இப்போதே 6 சதவீதம். கூட்டினால் கடைக்குப் போகும் எல்லோருக்கும் சுமை. குறைந்த வருமானக்காரர்களுக்கு அது கூடுதலாக வலிக்கும்.

இரண்டு, மற்ற சொத்துகள் மீது வரியைக் கூட்டலாம். கடைகள், வாடகை வீடுகள் இதில் மாட்டும். வாடகைக்கு இருப்பவருக்கு இந்தத் திருத்தத்தால் ஒரு டாலர்கூட மிச்சமில்லை. வீட்டு உரிமையாளர் வரி உயர்வை வாடகையில் ஏற்றினால் அவருக்குத்தான் நஷ்டம்.

மூன்று, சேவைகளைக் குறைக்கலாம். போலீஸுக்கான நிதியைக் குறைக்கக் கூடாது என்று சில வரைவுகள் சொல்கின்றன. அப்படியானால் வெட்டு நூலகம், பூங்கா, சாலை பக்கம் போகும். பெரிய ஹோட்டலோ தொழிற்சாலையோ இல்லாத கிராமப்புற கவுன்ட்டிகளுக்கு வேறு வரி ஆதாரமும் குறைவு.

வேறு எங்காவது முயற்சி நடந்ததா?

எண்ணெய் வளம் மிக்க வடக்கு டகோட்டாவில் இரண்டு முறை நடந்தது. அங்கே சொந்த வீட்டுக்கு மட்டுமல்ல, சொத்து வரியையே ஒழிக்க அரசியலமைப்புத் திருத்தம் முன்வைக்கப்பட்டது. 2012-ல் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். 2024-ல் 60 சதவீதத்துக்கும் மேலானோர் நிராகரித்தார்கள்.

ஆனால் மக்களின் கோபத்தை அரசு கண்டுகொள்ளாமல் விடவில்லை. 2025-ல் சாதாரண சட்டம் மூலமாகவே, குடியிருக்கும் வீட்டுக்கு வருடம் 1,600 டாலர் வரை வரிக் கழிவு கொடுத்தது. உள்ளூர் வரி உயர்வுக்கு 3 சதவீத வரம்பும் போட்டது. பணம் எண்ணெய் வருமானத்தில் சேர்த்த நிதியிலிருந்து வருகிறது. ஃப்ளோரிடாவிடம் அப்படி ஒரு எண்ணெய் நிதி இல்லை.

கவனிக்க வேண்டியது என்ன?

ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு வருடம் 2,500 டாலர் என்பது மருந்துச் செலவு, மின் கட்டணம். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் வரியை நீக்கினால் செலவு மறைந்துவிடாது, அது வேறு ஒருவர் கைக்கு மாறும். அந்த ஒருவர் யார் என்பதை வாக்குச்சீட்டில் இருக்கும் 'வரி நீக்கம்' என்ற வார்த்தை சொல்லாது.

இன்னொன்று, அரசியலமைப்பில் ஏறிவிட்டால் கணக்கு தப்பானது என்று பின்னால் தெரிந்தாலும் சட்டென்று மாற்ற முடியாது. விலக்கைக் கொண்டுவர 60 சதவீதம் வேண்டும். அதைத் திரும்பப் பெறவும் அதே 60 சதவீதம் வேண்டும். 'எனக்கு மறுபடி வரி போடுங்க' என்று அத்தனை பேர் வரிசையில் நின்று வாக்களிப்பார்களா என்பதுதான் கேள்வி.